பாட்டியிடம் படித்ததற்கு மார்க் உண்டா?

1935-இல் நீலகிரிக்கு ஒரு மாணவர் வந்தார். வயது 31. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. சமஸ்கிருதத்தில் தேர்ந்தவர். எழுத்தே இல்லாத ஒரு மொழியைக் காதால் கேட்டுப் பிழையில்லாமல் எழுதிக்கொள்வது எப்படி என்பதை எட்வர்டு சபீர் என்ற பெரிய மொழியியலாளரிடம் முறையாகப் பயின்றவர். பெயர் எம். பி. எமனோ. மலைக்கு வந்தபின், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் மொழிக்கு அவருக்கு வாய்த்த வாத்தியார், சுள்ளி என்ற கோத்தர்.

சுள்ளி சொல்லச் சொல்ல எமனோ எழுதினார். தெய்வக் கதைகள், ஊர்க் கதைகள், சடங்குகள் எல்லாம் சுள்ளியின் நினைவிலிருந்து வந்தவை. 1944 முதல் 1946 வரை அவற்றைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ‘கோட்டா டெக்ஸ்ட்ஸ்’ என்ற பெயரில் பகுதி பகுதியாக வெளியிட்டது. பிறகு 1961-இல் டி. பரோவும் எமனோவும் சேர்ந்து கொண்டுவந்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியைத் திறந்தால், தமிழ்ச் சொற்களுக்கு அருகிலேயே கோத்தர் சொற்களும் தோடர் சொற்களும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

டாக்டர் பட்டம் வாங்கியவர் மாணவர், மலைக்காரர் ஆசிரியர். ‘பள்ளிக்கூடமெல்லாம் எதற்கு, அனுபவமே ஆசான்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடத் தோதான கதை. ஆனால் ஒரு சிக்கல். சுள்ளியே ஒரு பள்ளி ஆசிரியர்தான். கோத்தர்களில் முதன்முதலாக ஆங்கிலப் படிப்புப் படித்தவர் அவர். அந்தப் படிப்பு இல்லையென்றால் தன் மக்களின் கதையை வந்தவருக்கு விளங்கவைத்திருக்க முடியாது. சபீரிடம் பெற்ற பயிற்சி இல்லையென்றால் எமனோவுக்கும் அது வெறும் ஒலியாகவே போயிருக்கும்.

தானே கற்றவரா, படித்து வந்தவரா என்று ஆளைப் பார்த்ததும் தரம் பிரிப்பது நம் ஊர் வழக்கம். நீலகிரியின் தொழில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அந்தத் தரம்பிரிப்பு அடிக்கடி இடறுகிறது.

தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2,000 பேர் மட்டுமே உள்ள சமூகம் தோடர் சமூகம். அவர்கள் நெசவு செய்வதில்லை; சமவெளி நெசவாளர்களிடமிருந்து வரும் முரட்டுப் பருத்தித் துணிதான் அடிப்படை. அதன்மேல் சிவப்பும் கறுப்புமான நூலால் பெண்கள் பூவேலை செய்கிறார்கள். துணியை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டம் கிடையாது. துணியில் பென்சிலால் கோடு போடுவது கிடையாது. பார்த்துச் செய்ய வரைபடமும் இல்லை. நெருக்கமில்லாமல் நெய்த துணி என்பதால் ஒவ்வொரு இழையும் கண்ணுக்கும் விரலுக்கும் தனியாகப் பிடிபடும். அந்த இழைகளை எண்ணி எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியை ஓட்டுகிறார்கள். எருமைக் கொம்பு, மலை முகடு போன்ற கோலங்கள் இரு பக்கமும் சமச்சீராக வந்து விழுகின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தறியில் நெய்ததா ஊசியால் தைத்ததா என்றே சந்தேகம் வரும். எமனோ 1937-லேயே தோடர் உடைகளையும் பூவேலையையும் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்றால் அது அவரை எவ்வளவு ஈர்த்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதற்கு வகுப்பு இல்லை, பாடத்திட்டம் இல்லை. தோடர் குடியிருப்பான மந்தில் வெயில் விழும் இடத்தில் பாட்டியும் அம்மாவும் உட்கார்ந்து தைக்க, பக்கத்தில் உட்காரும் பெண் குழந்தை பார்க்கிறாள். பிறகு ஒரு துண்டுத் துணியும் ஊசியும் அவள் கைக்கு வருகின்றன. ஓர் இழை தப்பினால் வரிசை கோணலாகும். பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். யாரும் திட்டத் தேவையில்லை, துணியே காட்டிக்கொடுத்துவிடும். இறந்தவர் உடலைப் போர்த்துவதும் இதே சால்வைதான் என்பதால், அசிரத்தையாகச் செய்துவிட்டுப் போகவும் முடியாது.

இதைத் ‘தானே கற்றது’ என்று சொன்னால் அந்தப் பாட்டிக்கு அநியாயம். ஆசிரியர் இருக்கிறார், மேற்பார்வை இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. இல்லாதது மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான்.

இந்தக் கற்றல் இவ்வளவு அமைதியாக நடக்க ஒரு காரணம், இங்கே தவறின் விலை குறைவு. போவது கொஞ்சம் நூலும் ஒரு பிற்பகலும். விலை ஏறினால் கற்கும் முறையும் மாறுகிறது. கோத்தகிரிப் பக்கக் குறும்பர்களின் தேன் எடுப்பைப் பார்த்தால் இது புரியும். செங்குத்துப் பாறைகளில் தொங்கும் மலைத்தேனீக்களின் கூட்டுக்குக் காட்டுக் கொடிகளில் திரித்த ஏணியில் இறங்குகிறார்கள். புகை போட்டுத் தேனீயை விலக்கி அடையை அறுக்கிறார்கள். மேலே ஏணியைக் காவல் காப்பவர் பெரும்பாலும் மைத்துனர். தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க எந்த மைத்துனனும் விடமாட்டான் என்பது கணக்கு. இந்தத் தொழிலில் ‘தானே முயன்று பார்த்துக் கற்றுக்கொள்’ என்பது கொலைக்குச் சமம். பையன்கள் வருடக்கணக்கில் கூடவே போய், விறகு சுமந்து, புகை போட்டு, மற்றவர் இறங்குவதைப் பார்த்த பிறகே ஏணியில் கால் வைக்கிறார்கள். எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தையும்விடக் கறாரான பாடத்திட்டம் இது.

கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையை 1993-இல் தொடங்கிய பிரதிம் ராய், சினேக்லதா நாத், மேத்யூ ஜான் மூவரும் சமவெளியில் படித்து வந்தவர்கள். அவர்கள் முதலில் செய்த வேலை, தமிழ்நாட்டின் தேன் எடுப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டது. எடுக்கும் வித்தை குறும்பர்களிடம் இருந்தது. சுத்தமாக வடிகட்டுவது, ஈரப்பதம் பார்ப்பது, புட்டியில் அடைத்து நல்ல விலைக்கு விற்பது ஆகியவை படித்தவர்களிடமிருந்து வந்தன. பள்ளிக்கூடம் எதில் கெட்டி, எதில் கையாலாகாதது என்பதை இந்தப் பங்கீடு ஓரளவு காட்டிவிடுகிறது.

தேயிலை பேக்டரிக்குள் போனால் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். நீலகிரியில் தேயிலை பதப்படுத்தச் சொல்லிக்கொடுத்த முதல் ஆசிரியர்கள் கைதிகள் என்பது தலைமுறைகளாக இங்கே சொல்லப்பட்டுவரும் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனக் கைதிகள் நடுவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிங்கோனாத் தோட்ட வேலைக்கு இறக்கப்பட்ட அவர்களில் தேயிலை தெரிந்தவர்கள் தயாஷோலா எஸ்டேட்டில் இலையை உருட்டிக் காயவைக்கக் கற்றுத்தந்தார்கள் என்பார்கள். விடுதலைக்குப் பின் சிலர் ஊர் திரும்பாமல் நடுவட்டம் பக்கமே தமிழ்ப் பெண்களை மணந்து குடியமர்ந்ததை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்.

இன்றைய டீ மேக்கரின் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான் கைமாறுகிறது. கொழுந்து லாரியில் வந்து இறங்குகிறது. அதை வாட்டுத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு ஈரத்தைக் குறைக்க வேண்டும். மூடுபனி நாளில் வந்த இலை ஒரு கணக்கு. ஜனவரி உறைபனிக் காலத்து இலை வேறொரு கணக்கு. வாடிய இலை இயந்திரத்தில் நசுங்கிச் சுருளும்போது அதன் சாறு காற்றில் பட்டு நிறம் மாறத் தொடங்கும். பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும். நிறம் செம்புக்குத் திரும்பும். அந்த நொடியில் உலர்த்தும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். சற்று முந்தினால் தண்ணீர்ச் சாயம், பிந்தினால் சப்பென்ற தூள். டீ மேக்கர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முடிவு சொல்வார்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை வேதியியல் தெளிவாகச் சொல்லும். பாலிபினால் ஆக்சிடேஸ் என்ற நொதி, இலையிலுள்ள கேட்டச்சின்களைத் தியாபிளேவின், தியாருபிஜின் என்ற பொருள்களாக மாற்றுகிறது. முன்னது பளிச்சென்ற நிறத்தையும் துவர்ப்பையும் தரும், பின்னது அடர்த்தியைத் தரும். வெப்பம் ஏறினால் இந்த மாற்றம் வேகம் பிடிக்கும். இதைப் படித்த டீ மேக்கருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வழக்கமில்லாத வானிலை வந்தாலோ புதிய இயந்திரம் வந்தாலோ, எது எதனால் கெடுகிறது என்று யோசித்துப் பிடிக்கலாம். மூக்கை மட்டும் நம்பியவர் பழகிய சூழலில் ராஜா. சூழல் மாறினால் அவரும் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் புத்தகம் மட்டும் படித்தவர் அந்த நொடியைத் தவறவிடுவார், அன்றைய சரக்கு மொத்தமும் கெடும். 1963-இல் தொடங்கிய குன்னூர் ஏல மையத்தில் ருசி பார்ப்பவரின் வாய் அதைத் தப்பாமல் கண்டுபிடித்துவிடும், கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அபராதமும் விழும்.

ருசி பார்ப்பதற்கும் சர்வதேசத் தரவிதி இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். காகிதத்தில் எழுத முடிந்தது அவ்வளவுதான். மீதியை மூத்தவர் பக்கத்தில் நின்று, கோப்பை கோப்பையாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பித்தான் கற்க வேண்டும்.

தேயிலையில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இலங்கை மலையகத் தமிழர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசின் டான்டீ தோட்டங்கள் 1968-இல் உருவாயின. இரண்டு இலை ஒரு மொட்டு என்று கொழுந்து கிள்ளும் விரல்வேகமும், கவ்வாத்து வெட்டும் கைப்பழக்கமும் அவர்களோடு கடல் தாண்டி வந்தன. அரசுக்கு அது அவர்களின் கல்வித் தகுதியாகத் தெரியவில்லை. தினக்கூலிப் பதிவேட்டில் பெயர் ஏறியது, அவ்வளவுதான். மொட்டையும் முற்றலையும் ஓடும் கையோடு பிரித்தறியும் ஒரு பெண்ணைத் ‘திறன்சாராத் தொழிலாளி’ என்று எழுதும் பேனாவுக்கு என்ன திறன் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதுவரை வந்ததை வைத்து, ஆகவே வீட்டிலேயே தொழில் கற்பதுதான் உயர்வு என்று யாராவது முடிவு கட்டினால், தமிழ்நாட்டில் அவருக்கு ஒரு வருடத்தை நினைவூட்டியாக வேண்டும்: 1953. ராஜாஜி முதல்வராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு ஒருநாளைக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. மிச்ச நேரம் பிள்ளை வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1954-இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

பாட்டியின் அருகில் உட்கார்ந்து கற்பது அழகானதுதான். ஆனால் எந்தப் பாட்டி என்பதைப் பிறப்புதான் முடிவு செய்கிறது. தோடர் பூவேலை தோடர் பெண்ணுக்கு, தேனேணி குறும்பர் வீட்டுப் பையனுக்கு. இதன் மறுபக்கத்தைக் கோத்தர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் நீலகிரியில் இல்லை. இரும்படிப்பது, தச்சு வேலை, தோல் வேலை, படகர்களின் சாவுக்கும் விழாவுக்கும் இசை வாசிப்பது எல்லாம் கோத்தர்களின் பொறுப்பு. பானை வனைவது கோத்தர் பெண்களின் கை. மலை முழுவதற்கும் மண்வெட்டியும் அரிவாளும் செய்துகொடுத்த அவர்களை, அதே மலை தாழ்வாகவும் நடத்தியது. இசை இனிமையாக இருந்தது, வாசித்தவர் மட்டும் தள்ளி நிற்க வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் போன சுள்ளி முதலில் மோதியது இதனோடுதான். தலைமுடியை வெட்டிக்கொண்டார், பழைய வழக்கங்கள் பலவற்றை விட்டுவிடச் சொன்னார், ஊர் அவர்மேல் பாய்ந்தது. மானுடவியலாளர் டேவிட் மண்டல்பாம் அவரைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். இன்று கோத்தர்களில் மருத்துவர், பொறியாளர், வங்கி ஊழியர், அரசு அதிகாரி எல்லாரும் உண்டு. உலைக்களங்கள் குறைந்துவிட்டன. இதில் முதல் செய்திக்கு மகிழ்ந்துவிட்டு இரண்டாவதற்குக் கண்ணீர் விடும் சுற்றுலாப் பயணியின் இரட்டை மனசு கோத்தர்களுக்கு உதவாது. உலையை விட்டுப் போவதற்கான உரிமையைப் பள்ளிக்கூடம்தான் தந்தது.

பிறப்பு அல்லாத கதவு வழியாக உள்ளே வருபவர்களும் இருக்கிறார்கள். உதகையில் பல் மருத்துவராக இருக்கும் தருண் சாப்ரா, தோடர்களோடு வருடக்கணக்கில் மலையேறி அவர்கள் மொழியைக் கற்றார். புனித மலைகளையும் செடிகொடிகளையும் அவர்கள் கண்ணால் பார்த்து 2015-இல் ‘தி தோடா லேண்ட்ஸ்கேப்’ என்ற நூலாக்கினார். அவர் பட்டம் வாங்கியது பல் மருத்துவத்துக்கு. கூடலூரில் நடந்தது இதற்கு எதிர்த்திசை. 1990-இல் அங்கே ஆதிவாசி மருத்துவமனையை ஆரம்பித்த அஸ்வினி அமைப்பு, பள்ளிப் படிப்பை முடிக்காத பழங்குடிப் பெண்களையே எடுத்துச் செவிலியர் பணிக்கும் கிராம சுகாதாரப் பணிக்கும் பழக்கியது. இரத்த அழுத்தம் பார்ப்பதிலிருந்து பிரசவம் வரை வார்டிலேயே பாடம். நோயாளியின் மொழியும் பயமும் தெரிந்த செவிலியர்கள் கிடைத்தார்கள். அவர்கள் வேறு மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனால் நிலைமை வேறு. பதிவு பெற்ற செவிலியர் என்று சட்டப்படி சொல்ல அங்கீகரித்த படிப்பு வேண்டும். இதில் சட்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. தவறினால் போவது நூலோ தூளோ இல்லை, உயிர். அந்த இடத்தில் யாரோ ஒருவர் தேர்வு வைத்துத்தான் ஆக வேண்டும். மைத்துனன் ஏணியைப் பிடிப்பதும் அதற்குத்தானே.

கை வந்த தொழிலுக்குக் காகிதம் கொடுப்பது எப்படி என்று அரசுகள் சமீப காலமாக யோசித்துப் பார்க்கின்றன. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. 2023 செப்டம்பரில் வந்த விஸ்வகர்மா திட்டம் கொல்லர், தச்சர், குயவர் உள்ளிட்ட 18 தொழில்களுக்குப் பயிற்சியும் கடனும் அறிவித்தது. ஆனால் குடும்ப வழியாக அந்தத் தொழிலைச் செய்துவருபவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பார்த்ததும் தமிழ்நாட்டுக்கு 1953 ஞாபகம் வந்துவிட்டது. அந்த நிபந்தனையை நீக்கவும் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கவும் கேட்ட மாநில அரசு, 2024-இல் இத்திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்தது. 2025-இல் சாதியோ குடும்பமோ கேட்காமல், 35 வயதைத் தாண்டியவர்களுக்கு, 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கடனைக் காட்டிக் கல்லூரியிலிருந்து உலைக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதே அந்த வயது நிபந்தனையின் உள்ளர்த்தம். நியாயமான பயம்தான். விரும்பி உலைக்கு வரும் இருபது வயதுக்காரருக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது என்பதும் உண்மைதான்.

தோடர் பூவேலைக்குக் காகிதம் வேறு வடிவத்தில் கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கீஸ்டோன், பூம்புகார் நிறுவனம் மூன்றும் சேர்ந்து விண்ணப்பித்து 2013-இல் புவிசார் குறியீடு வாங்கின. ஓர் ஆளுக்கான சான்றிதழ் அன்று. சமூகம் முழுவதற்குமான சான்றிதழ். அந்தப் பெயரைச் சொல்லி இயந்திரத் தையலை விற்பவரைச் சட்டப்படி தடுக்கலாம். சால்வை மட்டுமில்லாமல் கைப்பை, மேசை விரிப்பு, கைப்பேசி உறை என்று புதிய பொருள்களிலும் அந்தச் சிவப்பும் கறுப்பும் இன்று ஏறியிருக்கின்றன. பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகும் தோடர் பெண்களுக்கு மந்தின் வெயிலில் உட்கார முன்போல் நேரமில்லை. விடுமுறை நாளும் மாலை நேரமும்தான் மிச்சம்.

அப்படியானால் பூவேலை தெரிந்த பாட்டியைப் பள்ளிக்கே கூப்பிட்டால் என்ன? பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் பல்கலைக்கழகங்களுக்கு அப்படியொரு வழியைத் திறந்தது: தன் துறையில் 15 ஆண்டுகள் தேர்ந்த அனுபவம் இருந்தால், பட்டம் இல்லாதவரையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பேராசிரியராக அமர்த்தலாம். ஆக, விதிப்படி அந்தப் பாட்டி ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகலாம். உதகையில் ஓர் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியராக வேண்டுமென்றால் மட்டும், அவர் முதலில் பத்தாம் வகுப்பு தேறி, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர் கிரேடும் ஹையர் கிரேடும் எழுதி, தொழிலாசிரியர் சான்றிதழோடு வரவேண்டும்.